இருபத்தேழு வருடப் பயிற்றுவிப்பாளரை ஒரு தோல்விக்காக மாற்றலாமா?

ஹட்டன் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவி ஒருவர் எனக்கு எழுதிக் கேட்டிருந்தார். அவர்களுடைய 20 வயதுக்குட்பட்ட பெண்கள் கூடைப்பந்து அணி இந்த வருடம் வலய மட்டத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. மாகாணக் காலிறுதியில் 38க்கு 41 என்று தோற்று வீட்டுக்கு வந்துவிட்டது. கடைசிக் கால்பகுதியில் எடுத்தது நான்கே புள்ளி. இப்போது பழைய மாணவர் சங்கத்தில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது: "சேருக்கு வயசாகிவிட்டது, 27 வருடமாக அவரேதான் இருக்கிறார், கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ புதிய ஆளைக் கொண்டுவரலாம்." அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவெடுக்கப் போகிறார்களாம். "அக்கா, நீங்கள் ஆடியவர், பயிற்சி கொடுத்தவர், நடுவராகவும் நின்றவர். என்ன சொல்கிறீர்கள்?" என்பது கேள்வி. ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டைப் படம் பிடித்தும் அனுப்பியிருந்தார். அது மிகவும் உதவியது.

தங்கச்சி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தோல்விக்காக சேரை மாற்றாதீர்கள். அதற்காக இதுவரை விட்டதுபோல அவரைத் தனியாகவும் விட்டுவிடாதீர்கள். ஏன் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

ஒருமுறை தோற்றாலே வெளியே என்கிற நொக்அவுட் போட்டி என்றால் என்ன என்று முதலில் யோசியுங்கள். ஒரு அணி ஒவ்வொரு ஆட்டத்தையும் பத்துக்கு எட்டு முறை வெல்லக்கூடிய பலமான அணி என்று வைத்துக்கொள்வோம். தொடர்ந்து ஆறு ஆட்டம் வென்றால்தான் கிண்ணம் என்றால், அந்த அணி கிண்ணத்தைத் தூக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 26 மட்டுமே. நான்கு வருடத்தில் மூன்று வருடம் அந்த நல்ல அணி எங்கோ ஓரிடத்தில் தோற்றுத்தான் போகும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் என்.சி.ஏ.ஏ. சுற்றுப்போட்டியில் 68 அணிகள் இப்படித்தான் மோதுகின்றன. 2018இல் வேர்ஜீனியா பல்கலைக்கழகம் முழுப் போட்டியிலும் முதலிடம் தரப்பட்ட அணியாக உள்ளே போனது. முதல் ஆட்டத்திலேயே, தன் பிரிவில் கடைசி இடம் தரப்பட்ட ஒரு சிறிய பல்கலைக்கழகத்திடம் 54க்கு 74 என்று தோற்றது. ஆண்கள் போட்டியின் வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. அந்தப் பயிற்றுவிப்பாளர் டோனி பென்னட்டை அவர்கள் அனுப்பவில்லை. அடுத்த வருடம், 2019இல், அதே மனிதர் அதே பல்கலைக்கழகத்துக்குக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார்.

நீங்கள் தோற்றது மூன்று புள்ளியில். இருபது புள்ளியில் தோற்றவர்களே பொறுத்திருந்தார்கள்.

சரி, இனி ஸ்கோர் ஷீட்டுக்கு வருவோம். உங்கள் பிள்ளைகளுக்கு 22 ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் ஃபவுலுக்காக யாரும் மறிக்காமல் எறியும் ஒரு புள்ளி எறி, கிடைத்திருக்கிறது. போட்டது 9. தவறியது 13. ஆட்டம் போனது மூன்று புள்ளியில். கூட்டத்தில் யாராவது "யுக்தி சரியில்லை" என்று எழுந்தால் இந்தக் கணக்கை முதலில் வையுங்கள். ஏழு பேர்தான் களம் இறங்கியிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் ஐந்து ஃபவுலோடு கடைசிக் கால்பகுதியின் தொடக்கத்திலேயே வெளியேறிவிட்டார்கள். மிச்சம் இருந்த ஐந்து பேரும் மாற்றாள் இல்லாமல் முடிவுவரை ஓடியிருக்கிறார்கள். நான்கு புள்ளியின் கதை அங்கேதான் இருக்கிறது. கால் களைத்தால் முதலில் போவது எறியும் கையின் உயரம், அப்புறம் தடுக்கும்போது காலை நகர்த்தாமல் கையை நீட்டுவது. கையை நீட்டினால் ஃபவுல். ஒரு கால்பகுதியில் அணியின் ஃபவுல் நான்கைத் தாண்டினால், அப்புறம் தொட்டதற்கெல்லாம் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. உங்கள் எதிரணி கடைசியில் எடுத்த 11 புள்ளியில் 7 அப்படி வந்ததுதான் என்று ஷீட் சொல்கிறது.

ஆக, இரண்டு விஷயம்: ஃப்ரீ த்ரோ பயிற்சியும், எட்டாவது ஒன்பதாவது பத்தாவது ஆளும். இவை சேரின் பொறுப்புத்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எட்டாவது ஆள் ஏன் இல்லை? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: அணியில் பதிந்த பன்னிரண்டு பேரில் மூன்று பேர் உயர்தரப் பரீட்சை என்று வகுப்புக்குப் போய்விட்டார்கள், இரண்டு பேர் கடைசி பஸ் நாலரைக்குப் போய்விடுவதால் பயிற்சிக்கு நிற்பதே இல்லை. நாலரை பஸ்ஸை விட்டால் தோட்டத்து டிவிஷன் வரை தேயிலை ஊடாக நடக்க வேண்டிய பிள்ளையை எந்தத் தாய் நிறுத்துவாள்? கொழும்பிலிருந்து யார் வந்தாலும் அந்த பஸ் நாலரைக்குத்தான் போகும்.

இன்னொன்று. 20 வயதுக்குட்பட்ட இந்தப் பிள்ளைகள் 2020இல் தரம் 7, தரம் 8 படித்தவர்கள். பந்தைத் தரையில் தட்டப் பழகுகிற, நின்று சுழலப் பழகுகிற, வளையத்தடிக்கு ஓடிவந்து எறியும் லே-அப்பில் கால் மாறாமல் ஏறப் பழகுகிற வயது அது. கொரோனாவில் பாடசாலையே மூடிக் கிடந்தது. பிறகு 2022இல் எரிபொருள் இல்லாமல் வாரத்தில் சில நாள் மட்டும் பள்ளிக்கூடம். அடித்தளம் போடவேண்டிய இரண்டு மூன்று வருடம் இந்தப் பிள்ளைகளுக்கு இல்லாமலே போயிற்று. அவர்களை எடுத்து வலயத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணியாக ஒருவர் ஆக்கியிருக்கிறார். பயிற்றுவிப்பாளர் ஒருவரை எடைபோட வேண்டுமானால் நான் இதைத்தான் தராசில் வைப்பேன்: கையில் என்ன கிடைத்தது, அதை எதுவரை கொண்டுபோனார்.

நீண்டகாலப் பயிற்றுவிப்பாளர்களைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். இந்த ஆட்டத்தில் அதற்குப் பெரிய உதாரணங்கள் அமெரிக்காவில்தான் இருக்கின்றன. அங்கே கல்லூரி என்றால் பல்கலைக்கழகம். நமக்குக் கல்லூரி என்றால் தரம் 6இலிருந்து 13 வரையான பாடசாலை. அங்கே பயிற்றுவிப்பாளர் நாடு முழுக்கத் தேடி ஆளைப் பொறுக்கி எடுப்பார். நமக்கு வருகிறவர்கள்தான் அணி. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

டியூக் பல்கலைக்கழகத்துக்கு மைக் ஷஷெவ்ஸ்கி 1980இல் வந்தார். முதல் மூன்று பருவத்தில் 38 வெற்றி, 47 தோல்வி. மூன்றாவது பருவத்தின் கடைசி ஆட்டத்தில் 43 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். அனுப்பிவிடச் சொல்லிப் பழைய மாணவர்கள் நின்றார்கள். விளையாட்டுத் துறைக்குப் பொறுப்பாக இருந்த டொம் பட்டர்ஸ் அனுப்பவில்லை, ஒப்பந்தத்தை நீடித்தார். ஷஷெவ்ஸ்கி 2022 வரை 42 பருவம் இருந்து ஐந்து கிண்ணம் எடுத்துக்கொடுத்தார். கனெக்டிகட் பல்கலைக்கழகத்துப் பெண்கள் அணியின் ஜீனோ ஆரியெம்மா 1985இல் வந்து முதல் பருவத்தில் 12 வென்று 15 தோற்றார். இன்று பன்னிரண்டு கிண்ணம். அதிலும் பதினோராவது 2016இல், பன்னிரண்டாவது 2025இல். இடையில் ஒன்பது வருடம் கிண்ணம் இல்லை. அந்த ஒன்பது வருடமும் "காலம் முடிந்துவிட்டது" என்று சொன்னவர்கள் இருந்தார்கள்.

டென்னசி பல்கலைக்கழகத்துப் பெண்கள் அணியின் பயிற்றுவிப்பாளர் பேட் சமிட்டை நம்முடைய பெண் பிள்ளைகள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. 1974இல் 22 வயதில் பொறுப்பெடுத்தார். மாதம் 250 டொலர் சம்பளம். அணியின் உடுப்பைத் தானே துவைத்தார், வானைத் தானே ஓட்டினார். அந்த உடுப்புகூட டோனட் விற்றுச் சேர்த்த காசில் வாங்கியது. 38 பருவத்தில் 1,098 வெற்றி, எட்டுக் கிண்ணம். அவரிடம் தன் காலம் முழுவதும் ஆடி முடித்த ஒவ்வொரு பெண்ணும் பட்டம் பெற்றாள். எண்ணிக்கைகளில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இந்தக் கடைசி ஒன்றுதான். உங்கள் சேரிடம் ஆடிய பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆசிரியைகள், தாதிமார், வங்கியில் இருப்பவர்கள் என்று உங்கள் கடிதத்திலேயே நான்கைந்து பேர் வருகிறார்கள். நீங்களும் ஒருவர்.

ஆனால் என் வாதத்துக்கு முக்கியமான ஆள் ஜோன் வூடன். லொஸ் ஏஞ்சலிஸில் யூ.சி.எல்.ஏ.யின் பயிற்றுவிப்பாளர். 12 வருடத்தில் பத்துக் கிண்ணம் வென்றவர் என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன் நடந்ததை யாரும் சொல்வதில்லை. அவர் வந்தது 1948இல். முதல் கிண்ணம் 1964இல். பதினாறு பருவம்! அந்த 1964 அணியில் முதல் ஐவரில் ஒருவர்கூட ஆறடி ஐந்து அங்குலத்தைத் தாண்டவில்லை. அந்த மட்டத்துக்கு அது குட்டை அணி. உயரம் இல்லாத அணி எப்படி ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் முப்பதையும் வென்றது? ஸோன் ப்ரெஸ் என்ற முழுத்தரைத் தடுப்பால். எதிரணி பந்தைத் தன் வளையத்தின் கீழிருந்து எடுத்து உள்ளே போட்ட கணத்திலிருந்தே மறித்து, மூலைக்குத் தள்ளி, இரண்டு பேராக வளைத்துக்கொள்வது. உயரமான பிள்ளை வளையத்தடிக்கு வந்து நிற்பதற்குள் பந்து கைமாறிவிடும். அதை அந்தப் பருவத்தில் கொண்டுவரச் சொல்லி வற்புறுத்தியது வூடனின் உதவியாளர் ஜெரி நோர்மன். ஐம்பது வயதைத் தாண்டிய, தன் வழி தனக்குத் தெரியும் என்றிருந்த ஒரு மனிதர் தன்னைவிட இளைய உதவியாளர் சொன்னதைக் கேட்டார். நோர்மன் இல்லாவிட்டால் அந்தக் கிண்ணம் எப்போது வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

உயரம் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இதைத் தாண்ட முடியவில்லை. "நம்ம பிள்ளைகள் குட்டை, அதனால் இந்த ஆட்டம் சரிவராது" என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் 32 சதவீதம். அந்தப் பிள்ளைகள்தான் இப்போது உங்கள் 15 வயதுக்குட்பட்ட அணிக்கு வரும் வயதில் இருக்கிறார்கள். இது ரத்தத்தில் வந்த குட்டை அல்ல, தட்டில் இல்லாததால் வந்தது. பயிற்சி முடிந்ததும் ஒரு முட்டையும் ஒரு கோப்பைப் பாலும் கொடுக்க உங்கள் சங்கம் ஏற்பாடு செய்தால், அது எந்தப் புதிய பயிற்றுவிப்பாளரையும்விட அணிக்கு அதிகம் செய்யும். மாணவிகளுக்கு இரத்தச்சோகை இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்துவிடுவதும் நல்லது. கடைசிக் கால்பகுதியில் கால் கனத்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி என் சொந்தக் கதை. இதைச் சொல்லாமல் உங்களுக்குப் பதில் முழுமையாகாது.

எனக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் இப்படி ஒரு நீண்டகால சேர்தான். கல்லூரியின் பெயர் வேண்டாம். வைகாசியிலிருந்து புரட்டாதிவரை எங்கள் பக்கம் மழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மைதானத்தில் தண்ணீர் நின்றால் வகுப்பறை வராந்தாவில் வரிசையாக நிற்கவைத்து, பந்தே இல்லாமல், ஒரு காலை ஊன்றி மறு காலைச் சுழற்றும் பிவட்டை மட்டும் ஒரு மணி நேரம் செய்யவைப்பார். 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியதே குளிர்காலத்தில் கூரைக்குக் கீழ் ஆடத்தான் என்று சொல்லி, "நமக்கு வராந்தாதான் உள்ளரங்கம்" என்பார். எங்கள் அணியில் ஒருத்திகூட ட்ராவலிங் (பந்தைத் தட்டாமல் அதோடு அடி வைப்பது) என்று விசில் வாங்க மாட்டாள். காலில் சப்பாத்து இல்லாதவளுக்கு அவருடைய சம்பளத்திலிருந்து சப்பாத்து வரும். யார் வாங்கிக்கொடுத்தது என்று சொல்ல மாட்டார்.

நான் படித்து முடித்து ஊவாப் பக்கம் உடற்கல்வி ஆசிரியையாகப் போய்விட்டேன். 2004இல் ஒரு போட்டியில் ஆள் பற்றாக்குறை என்று என்னை மேசையில் நேரம் பார்க்க உட்காரவைத்தார்கள். ஆடியது சேரின் அணி. எங்கள் காலத்தில் ஆட்டம் இருபது நிமிடமாக இரண்டு பாதி, பந்தை எறிய முப்பது விநாடி. 2000இலேயே சர்வதேசச் சம்மேளனம் அதைப் பத்து நிமிடமாக நான்கு கால்பகுதி, எறிய 24 விநாடி, பந்தைத் தன் பாதியிலிருந்து கடத்த எட்டு விநாடி என்று மாற்றிவிட்டது. சேரின் பிள்ளைகள் அழகாகப் பந்தைச் சுற்றிச் சுற்றிக் கொடுத்தார்கள். அவர் ஓரத்தில் நின்று "பொறு, பொறு" என்று கத்தினார். என் கையில் கடிகாரம். 24 ஆனது, நான் மணியை அடித்தேன். அப்புறம் இன்னொரு முறை. அன்று ஆறு முறை அந்த மணியை நான் அடிக்க வேண்டியிருந்தது. என்னை ஆளாக்கிய மனிதருடைய அணிக்கு எதிராக.

ஆட்டம் முடிந்து வந்து, "இதை எப்ப மாத்தினாங்கம்மா?" என்று கேட்டார். நான்கு வருடமாக யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சுற்றறிக்கை ஆங்கிலத்தில் வந்து ஏதோ ஒரு மேசையில் கிடந்திருக்கிறது. கண்டிக்கும் கொழும்புக்கும் போய் வந்த நாங்கள் யாரும் அவரோடு ஒரு மணி நேரம் உட்காரவில்லை. அன்றிரவு ஒரு கொப்பியில் மாறிய விதிகளையெல்லாம் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த தவணைக்குள் அவருடைய அணி எட்டு விநாடிக்குள் பாதியைக் கடந்து, மூன்றாவது பாஸில் எறிந்தது. மாற முடியாதவர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த மனிதர் இரண்டே மாதத்தில் மாறினார். சொல்ல ஆள் இல்லாததுதான் குறை.

அவர் 60 வயதில் ஓய்வு பெற்றார். பக்கத்தில் யாரையும் வளர்த்துவைக்கவில்லை. அடுத்த வருடம் அந்தக் கல்லூரிக்குக் கூடைப்பந்து அணியே இல்லை. வளையம் இன்னும் நிற்கிறது, வலை இல்லாமல்.

உங்கள் சேருக்கு 58 என்று எழுதியிருக்கிறீர்கள். அரசாங்க ஆசிரியருக்கு 60இல் ஓய்வு. ஆக, மாற்றுவதா வேண்டாமா என்று நீங்கள் பேசுவதற்கே இரண்டு வருடம்தான் இருக்கிறது. கூட்டத்தில் பேச வேண்டியது அந்த இரண்டு வருடத்தை என்ன செய்வது என்பது.

ஒரு உதவியாளரைப் போடுங்கள். பெண்ணாக இருக்க வேண்டும், உங்கள் கல்லூரியிலேயே ஆடியவளாக இருந்தால் இன்னும் நல்லது. ஆரியெம்மா 1985இல் வந்தபோது தன்னோடு கூட்டிவந்த உதவியாளர் கிறிஸ் டெய்லி இன்றுவரை அவர் பக்கத்திலேயே இருக்கிறார். சமிட் நோயால் விலகியபோது அணியை எடுத்தவர் அவரிடமே ஆடி, அவருக்கே உதவியாளராக இருந்த ஹோலி வோர்லிக். இதில் இன்னொரு காரணமும் உண்டு, அதை வெளிப்படையாகவே சொல்கிறேன். பெண் பிள்ளைகளின் அணி வெளியூர் போகும்போது, இரவு தங்கும்போது, பொறுப்பான ஒரு பெண் கூட இருக்க வேண்டும். சேர் எவ்வளவு நல்லவர் என்பது வேறு விஷயம். இந்த ஒழுங்கு எல்லா அணிக்கும் வேண்டும். கூட்டத்துக்கு முன் நீங்கள் நாலைந்து மாணவிகளிடம், தனித்தனியாக, பயிற்சி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவர்களில் யாராவது பயத்தையோ சங்கடத்தையோ சொன்னால் நான் இங்கே எழுதியதெல்லாம் செல்லாது, கிண்ணக் கணக்கெல்லாம் அப்புறம். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. அப்படி ஒன்றும் இல்லை, "சேர் ஏசுவார், ஆனால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோமா என்று போன் பண்ணுவார்" என்ற மாதிரிப் பதில் வந்தால், நீங்கள் தேடியதும் அதுதான்.

அப்புறம் ஆட்டங்கள். உங்கள் பிள்ளைகள் வருடத்துக்கு எத்தனை ஆட்டம் ஆடினார்கள் என்று எண்ணினேன். வலயத்தில் நான்கு, மாகாணத்தில் இரண்டு. மொத்தம் ஆறு! அமெரிக்க அணி சுற்றுப்போட்டிக்கு வருவதற்கு முன்பே சுமார் முப்பது ஆட்டம் ஆடியிருக்கும். மூன்று புள்ளி பின்தங்கி, இரண்டு நிமிடம் மிச்சம், பந்து நம் கையில் என்ற நிலையை உங்கள் பிள்ளைகள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மாகாணக் காலிறுதியில் சந்தித்திருக்கிறார்கள். அதைப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்க முடியாது, அனுபவித்துத்தான் வரவேண்டும். ரயில் பாதையோரம் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று ஊர்கள் இருக்கின்றன. நான்கு பாடசாலைகள் ஒத்துக்கொண்டு ஒருவர் மைதானத்தில் ஒருமுறை, மற்றவர் மைதானத்தில் ஒருமுறை ஆடினால் ஒவ்வொரு அணிக்கும் ஆறு ஆட்டம் கூடுதலாகக் கிடைக்கும். நொக்அவுட் இல்லாமல், எல்லோரும் எல்லோரோடும். உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன், தை முதல் பங்குனிக்குள் வைத்துவிடுங்கள். சேரே பழைய மாணவர்களிடம் கேட்டுக் களைத்துப்போன விஷயமாக இது இருக்கும் என்பது என் ஊகம்.

மைதானத்துக்குப் போகும்போது ஒரு அளவு நாடாவைக் கொண்டுபோங்கள். வளையத்தின் உயரம் தரையிலிருந்து 3.05 மீற்றர், அதாவது பத்தடி இருக்க வேண்டும். பழைய மைதானங்களில் வெடிப்பு விழுந்ததற்கு மேலேயே இன்னொரு பூச்சு சீமெந்து போட்டுப் போட்டுத் தரை உயர்ந்திருக்கும், கம்பம் அப்படியே நிற்கும். இரண்டு மூன்று அங்குலம் தாழ்ந்த வளையத்துக்கு வருடம் முழுக்க எறிந்து பழகிய கை, சரியான வளையத்தில் குட்டையாகத்தான் விழும். நான் பார்த்த இரண்டு பாடசாலைகளில் இதுதான் நடந்தது. பந்தையும் பாருங்கள். பெண்களுக்கு 6ஆம் இலக்கப் பந்து, ஆண்களுக்கு 7. பல இடங்களில் இருப்பது ஆண்கள் வாங்கிய 7 மட்டும்தான். அதில் பழகிப் போட்டியில் 6ஐக் கையில் கொடுத்தால் எறி நீளும். 13 ஃப்ரீ த்ரோ எப்படித் தவறின என்று சேரிடம் கேளுங்கள். முன் வளையத்தில் பட்டதா, பின் வளையத்திலா என்று அவருக்கு நினைவிருக்கும். அதிலிருந்தே பாதி விடை வந்துவிடும். ஃப்ரீ த்ரோ பயிற்சியைக் கடைசியில் ஆறுதலாக வைக்காமல், ஓட்டத்துக்கு நடுவில், மூச்சு வாங்கும்போது ஆளுக்கு இரண்டு என்று எறியவைக்கச் சொல்லுங்கள். ஆட்டத்தில் அப்படித்தான் கிடைக்கிறது.

இதையெல்லாம் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றிச் சேருக்கு அனுப்பாதீர்கள். 27 வருடம் நின்ற மனிதருக்குக் கடிதம் மூலம் சொல்வது சரியில்லை. நீங்களும் இன்னும் இரண்டு பேரும் வீட்டுக்குப் போங்கள். "சேர், அடுத்த இரண்டு வருடத்துக்கு உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். உதவியாளர் பேச்சை அவரே எடுக்கக்கூடும். எடுக்காவிட்டால் நீங்கள் எடுங்கள். புதியவள் முதலில் 15 வயதுக்குட்பட்ட அணியை எடுக்கட்டும், பெரிய பிள்ளைகளைச் சேரே வைத்திருக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் இரண்டு அணியும் ஒன்றாக ஆடட்டும். நாலரை பஸ்ஸுக்குப் போய்விடும் பிள்ளைகளைப் பயிற்சிக்கு நிறுத்திவைக்க, போக்குவரத்துச் செலவைச் சங்கம் ஏற்க முடியுமா என்று கணக்குப் பாருங்கள். கொழும்பிலிருந்து ஒருவரை வரவழைக்கும் காசில் ஒரு வான் வாடகையும் முட்டையும் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

உதவியாளராக யாரைக் கேட்பது என்றும் எழுதியிருந்தீர்கள். கடைசி நிமிடத்தில் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் தவறவிட்ட அந்த பாயின்ட் கார்ட் (பந்தை முன்னே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற) பிள்ளை ஆட்டம் முடிந்தும் பெஞ்சில் எழும்பாமல் இருந்தாள், சேர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார், ஒன்றும் பேசவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். அவள் இந்த வருடம் உயர்தரம் எழுதுகிறாள் இல்லையா? பரீட்சை முடியட்டும். முடிந்த மறுவாரம் அவளிடம் போய்க் கேளுங்கள்.